தரம் 7, 8 புள்ளைங்கள சத்தமா கவிதை வாசிக்க வச்சா வாசிப்பு சரளமாகுமா?

கொழுந்துமலை_டீச்சர்
எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில தரம் 6லேருந்து 9 வரைக்கும் தமிழ் எடுக்குறேன். ரொம்ப நாளா மனசுல கிடக்குற விசயம் இது, இங்க ஆசிரியருங்க நெறைய பேர் இருக்கீங்க அதனால கேக்குறேன்.

எங்க தரம் 7ல நெறைய புள்ளைங்களுக்கு எழுத்து தெரியும். தனித்தனியா கேட்டா சரியா சொல்லுதுங்க. ஆனா ஒரு பந்திய குடுத்து வாசின்னா "பா...ட...சா...லை...க்கு"ன்னு இழுத்து இழுத்து வசனம் முடியிறதுக்குள்ள தொடக்கத்துல என்ன இருந்துச்சுன்னே மறந்துருது. அப்புறம் கேள்வி கேட்டா பதில் வராது. அத பாத்துட்டு இந்தப் புள்ளைக்கு ஒன்னும் ஏறலன்னு நாங்க முடிவு கட்டிருறோம். அதே பந்திய நான் வாசிச்சு காட்டிட்டு கேட்டா அதே புள்ள அழகா பதில் சொல்லுது! அப்ப விளங்காம இல்ல, எழுத்து கூட்டுற வேலையே அதோட கவனம் முழுசையும் தின்னுருது.

பாடப்புத்தகத்துல ரெண்டு பக்க உரைநடைய ஆளுக்கொரு பந்தியா எழும்பி வாசிக்க விடுற பழக்கம் எல்லா இடத்துலயும் இருக்கு. தடுமாறுற புள்ள ஒரு தடவ தடுமாறும், பின்னால நாலு பேர் சிரிப்பாங்க, உக்காந்துரும். அந்தப் பந்திய ரெண்டாவது தடவ வாசிக்க அதுக்கு சந்தர்ப்பமே கெடைக்காது. பன்னெண்டு பதிமூனு வயசுப் புள்ளகிட்ட "இதையே திருப்பி வாசி"ன்னா தண்டனையா தான் எடுத்துக்கும்.

அதான் இந்தத் தவணையில கவிதைக்கு மாறியிருக்கேன். எட்டு வரி பத்து வரி தான், வாரத்துக்கு ஒன்னு. பாட்டுன்னா திருப்பித் திருப்பி சொல்றது வழக்கம் தானே, அதனால ஏன் திருப்பி வாசிக்கனும்னு யாரும் கேக்கல. பின் வாங்குல உக்காந்து வாயே தொறக்காத பையங்க ரெண்டு பேர் இப்ப எல்லாரோடயும் சேந்து சத்தமா வாசிக்கிறாங்க. வேற யாராச்சும் இத செய்றீங்களா? எதுல கவனமா இருக்கனும்?

பயிற்சி_ஆசிரியை
டீச்சர், "கவனத்த தின்னுருது"ன்னு சொன்னீங்க பாருங்க, எங்களுக்கு பயிற்சியில படிப்பிச்சதும் அதே தான். 1974ல லபெர்ஜ், சாமுவேல்ஸ்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல எழுதுனாங்க, மனுசனோட கவனத்துக்கு ஒரு அளவு இருக்கு, எழுத்த அடையாளம் கண்டுபிடிக்கவே அது செலவாகிருச்சுன்னா பொருள் விளங்க மிச்சம் இருக்காதுன்னு. அதுக்கப்புறம் 1979ல அதே சாமுவேல்ஸ் திரும்பத் திரும்ப வாசிக்கிற முறையப் பத்தி எழுதினார். 50லேருந்து 200 சொல்லு வரைக்கும் உள்ள சின்ன பந்தி, நல்லா வர்ற வரைக்கும் அதையே வாசிக்கிறது, அப்புறம் புது பந்தி. அதுல முக்கியமா கவனிச்சது என்னன்னா புது பந்திய மொத தடவ வாசிக்கும்போதே முந்தின பந்திய தொடங்குனத விட நல்லா தொடங்குறாங்க, திருப்பி வாசிக்க வேண்டிய தடவையும் கொறையுது.

2000ல அமெரிக்காவுல தேசிய வாசிப்புக் குழுன்னு ஒன்னு நெறைய ஆய்வுகள சேத்து பாத்து அறிக்கை விட்டாங்க. யாராச்சும் பக்கத்துல இருந்து திருத்த, சத்தமா, திரும்பத் திரும்ப வாசிக்கிறது சொல்ல அடையாளம் காணுறதுக்கும் சரளத்துக்கும் விளக்கத்துக்கும் உதவுதுன்னு அதுல இருக்கு. டிமதி ரசின்ஸ்கின்னு ஒரு வாசிப்பு ஆய்வாளர் பல வருசமா சொல்லிக்கிட்டு இருக்கறது இன்னும் ஒரு படி மேல, வேகத்துக்காக மட்டும் திருப்பி வாசிக்க வச்சா புள்ளைங்களுக்கு சலிச்சுரும், கவிதை, பாட்டு, நாடக வசனம் இதெல்லாம் மத்தவங்க முன்னால சொல்லிக் காட்டுறதுக்கு இருக்கறது, அதனால பயிற்சி எடுக்க உண்மையான காரணம் கெடைக்குதுன்னு. நீங்க செய்றது சரியான பாதைல தான் இருக்கு.

ஓய்வுபெற்ற_வாத்தியார்
பதுளை பக்கம் ரொம்ப வருசம் தமிழ் படிப்பிச்சவன். மகள் செய்ற முயற்சிய பாராட்டுறேன், ஆனா ஒன்ன நேரா சொல்லிறேன். தமிழ்மொழித் தினப் போட்டியில பாவோதலுக்கு, அதாவது மேடையில செய்யுள் சொல்றதுக்கு, புள்ளைங்கள தயார் பண்ணியிருக்கேன். மேடையில நின்னு கணீர்னு சொல்லும், உச்சரிப்பு சுத்தமா இருக்கும், நடுவர் தலையாட்டுவார். அதே புள்ளகிட்ட வேற ஒரு பக்கத்த குடுத்தா எழுத்து கூட்டும். ஏன்? எட்டு வரிய மூணு தடவ காதால கேட்டா மனசுல ஏறிரும். எதுகை மோனை இருக்கறதே மனசுல நிக்கிறதுக்குத் தானே, ஏட்டுல எழுதி வைக்க வசதியில்லாதவங்களும் பாட்ட தலைமுறை தலைமுறையா கொண்டு வந்தது அப்பிடித் தான். மனசுல ஏறின உடனே கண்ணு தாள்ல இருந்து எழும்பிரும். அதுக்கப்புறம் நடக்கறது வாசிப்பு இல்ல மகள், ஒப்புவிக்கிறது. அதுவும் நல்லது தான், ஆனா உங்க நோக்கம் அது இல்லயே?

மஸ்கெலியா_அம்மா
நான் டீச்சர் இல்ல, மகன் தரம் 8. டீச்சர் எழுதுனத வாசிக்கையில என் புள்ளய பாத்து எழுதுன மாதிரியே இருக்கு. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒன்னும் தெரியல, இப்ப தான் எல்லா பாடமும் பெரிய பெரிய பந்தியா வருது அவனுக்கு புத்தகத்த கண்டாலே கோவம் வருது. நான் தேயிலைக் கொழுந்து பறிக்க போய்ட்டு அந்திக்கு தான் வருவேன், எனக்கும் அவ்வளவா வாசிக்க வராது. வீட்டுல நான் என்ன செய்யலாம்னு யாராச்சும் சொல்லுங்க.

கொழுந்துமலை_டீச்சர்
சேர் சொன்னது தான் என் மனசுல இருந்த பெரிய கேள்வியும். நான் வகுப்புல என்ன செய்றேன்னு அப்பிடியே எழுதுறேன், பாத்துட்டு சொல்லுங்க. போன வாரத்துக்கு நானே எழுதுன எட்டு வரி இது:

மூடுபனி மலையிறங்கி
முற்றத்திலே நிற்கும்
பாடசாலைப் பாதையெல்லாம்
பால்நிறமாய் வெளுக்கும்
கூடைகட்டும் அம்மாவைக்
கொழுந்துமலை அழைக்கும்
கூடவந்த நாய்க்குட்டி
கொஞ்சதூரம் நடக்கும்

மொத நாள் தாள் எல்லார் கையிலயும் இருக்கும், நான் ரெண்டு தடவ வாசிப்பேன், அவங்க விரல் வச்சு பின்னாலயே வரனும். எங்க தடக்குவாங்கன்னு முன்கூட்டியே தெரியும். "மலையிறங்கி" சேந்து கிடக்கறதால மலை + இறங்கின்னு கண்ணுக்கு படாது. "முற்றத்திலே"ல வர்ற ற்ற, "நிற்கும்"ல வர்ற ற்க ரெண்டையும் "முத்தம்", "நிக்கும்"னு தான் லயத்துல, அதாவது எங்க தோட்டத்து வரிசை வீடுகள்ல, பேசுவோம், எழுத்துல பாக்கையில வேற மாதிரி தெரியும். இந்த மூனு சொல்லையும் கரும்பலகையில பிரிச்சு எழுதி, சேத்து எழுதி காட்டிருவேன். அப்புறம் நான் ஒரு வரி அவங்க ஒரு வரி, அப்புறம் எல்லாரும் சேந்து.

அடுத்த நாள் தான் முக்கியம். அஞ்சாவது வரிய பாருங்க, "கூடைகட்டும் அம்மாவைக்". வரி முடிஞ்சிருச்சு ஆனா பொருள் முடியல. அங்க மூச்சு விட்டா அம்மாவ என்ன செஞ்சாங்கன்னே தெரியாது. "எங்க நிறுத்தனும், எங்க நிறுத்தக் கூடாது?"ன்னு கேட்டு பென்சிலால கோடு போட வைப்பேன். அதுல சண்டையே நடக்கும், நான் தடுக்குறதில்ல. ஏன்னா எங்க நிறுத்தனும்னு சண்டை போடனும்னா பொருள் விளங்கியிருக்கனும்.

இனி சேரோட கேள்வி. எட்டு வரியையும் துண்டு துண்டா வெட்டி கலச்சு போட்டுருவேன், கைக்கு வந்த துண்ட எடுத்து வாசிக்கனும். மனப்பாடம் பண்ணுன புள்ளைக்கு மொத வரியிலருந்து ஓடிவந்தா தான் ஏழாவது வரி வரும், துண்டுல மாட்டிக்கும். வாரக்கடைசியில அதே சொல்லுங்கள போட்டு ஒரு சின்ன உரைநடை. "முற்றத்தில் நின்ற நாய்க்குட்டி அம்மாவின் கூடையைப் பார்த்ததும் பாதையில் இறங்கி நடந்தது" இப்பிடி நாலஞ்சு வசனம். அது அவங்க கேட்டிராதது, ஒப்புவிக்க வழியில்ல, வாசிச்சே ஆகனும். அதுல நல்லா வந்தா தான் அந்த வாரத்து வேலை பலிச்சுதுன்னு எடுத்துக்குவேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்
அந்த உரைநடை யோசனை நல்லது மகள். அத விட்டுறாதீங்க, மத்த எதையாச்சும் விட வேண்டி வந்தாலும் அத விட்டுறாதீங்க. பாவோதலுக்கு பழக்குற ஆசிரியருங்களும் அத செஞ்சா எவ்வளவோ நல்லா இருக்கும்.

இன்னொன்னு. கவிதை தெரிவு செய்யிறப்ப பழஞ்செய்யுள அப்பிடியே தூக்கி குடுத்துறாதீங்க. சீர் சீரா, அதாவது ஓசைக்காக துண்டு துண்டா பிரிச்சு அச்சடிச்சிருப்பாங்க, சில இடத்துல ஒரே சொல்லு ரெண்டு சீருக்குள்ள உடைஞ்சு கிடக்கும், வகையுளின்னு சொல்றது. இலக்கணம் தெரிஞ்சவனுக்கு அது விளங்கும். தடுமாறுற புள்ள சீருக்கு சீர் நிறுத்தும், சொல்லே செத்துப் போகும். சந்தி பிரிச்சு எழுதிக் குடுங்க, சரளம் வந்தப்புறம் மூல வடிவத்த காட்டுங்க. அதே மாதிரி ராகம் போட்டு பாட விடாதீங்க மொத வாரமே. மெட்டு புள்ளய இழுத்துட்டு போயிரும், எழுத்து தெரியாமலே கடைசி வரி வரைக்கும் போய்ச் சேந்துரும்.

விஞ்ஞான_சேர்_பண்டாரவளை
நான் விஞ்ஞானம் எடுக்கறவன். தப்பா நினைக்காதீங்க டீச்சர், ஆனா எனக்கு முழுசா நம்பிக்கை வரல. எங்க புத்தகத்துல எதுகையும் இல்ல மோனையும் இல்ல. "தாவரங்கள் சூரிய ஒளியைப் பயன்படுத்தித் தமக்குத் தேவையான உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன" இந்த மாதிரி தான் வசனம் இருக்கு. "தயாரித்துக்கொள்கின்றன"ல தரம் 8 புள்ள மூச்சு வாங்குது. கவிதையில எட்டு வரி சரளமா வந்தா இது வருமா? தவணைப் பரீட்சைக்கு பாடத்திட்டம் முடிக்கவே நேரம் இல்லாம தவிக்கிறோம், அதே நேரத்துல விஞ்ஞானப் பந்தியையே திருப்பித் திருப்பி வாசிக்க வச்சா நேரடியா பலன் இருக்குமே?

இன்னொன்னும் கேக்கனும். நிமிசத்துக்கு இத்தன சொல்லு வாசிக்கனும்னு ஒரு அட்டவணை வாட்சப்ல சுத்துது, அத வச்சு அளக்கலாமா?

பயிற்சி_ஆசிரியை
சேர், அட்டவணை கேள்விக்கு மொதல்ல. அது பெரும்பாலும் இங்கிலீஷ் வாசிக்கிற புள்ளைங்களுக்கு போட்டதா தான் இருக்கும், தமிழுக்கு அத வச்சு அளந்தா நம்ம புள்ளைங்களுக்கு அநியாயம். நீங்க எழுதுன வசனத்துலயே மொத்தம் 9 சொல்லு தான். ஆனா "தயாரித்துக்கொள்கின்றன"ங்குற ஒத்த சொல்லுக்குள்ள எவ்வளவு அடங்கியிருக்கு பாருங்க, இங்கிலீஷ்ல அத பல சொல்லா பிரிச்சு எழுதுவாங்க. அந்தப் புள்ளயோட போன மாசத்து வாசிப்போட இந்த மாச வாசிப்ப ஒப்பிட்டு பாக்குறது தான் நியாயம். வேகம் மட்டும் சரளமும் இல்ல, பிழையில்லாம வாசிக்கிறது, பேசுற மாதிரி ஏத்த இறக்கத்தோட வாசிக்கிறது ரெண்டும் சேந்து தான். வேகத்த மட்டும் பாத்தா புள்ளைங்க ஓட்டப்பந்தயம் மாதிரி ஓடும், முற்றுப்புள்ளியில கூட நிக்காது.

கவிதையில படிச்சது விஞ்ஞானத்துக்கு தானா வந்துரும்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா டீச்சர் ரெண்டாவது நாள் செய்ற அந்த பென்சில் கோடு இருக்கே, அத உங்க பாடத்துக்கு அப்பிடியே கொண்டு வரலாம். தாவரங்கள் / சூரிய ஒளியைப் பயன்படுத்தி / தமக்குத் தேவையான உணவை / தாமே தயாரித்துக்கொள்கின்றன. இப்பிடி கோடு போட்டு ரெண்டு தடவ சேந்து வாசிச்சா ரெண்டு நிமிசம் கூட ஆகாது. கவிதையில கோடு போட்டு பழகுன புள்ளைக்கு இது புதுசா இருக்காது.

விஞ்ஞான_சேர்_பண்டாரவளை
கோடு போடுறத செஞ்சு பாக்குறேன் தங்கச்சி, அது நல்ல விசயமா தெரியுது. நேரத்த பத்தி நான் சொன்னத இன்னும் மாத்திக்கல. தமிழ்ப் பாடத்துக்கு கவிதை பொருந்தும், மத்த பாட ஆசிரியருங்க தங்களோட பந்தியையே எடுக்கனும்.

பழைய_மாணவன்_கொட்டகலை
நடுவுல வாறதுக்கு மன்னிக்கனும். நான் அந்த மாதிரி தடுமாறுன பையன் தான், இப்ப வேலைக்கு போய்ட்டேன். ஆசிரியருங்க கொஞ்சம் யோசிக்கனும்னு ஒன்னு சொல்றேன். அந்த வயசுல தொண்ட உடையும், சத்தம் திடீர்னு கீச்சுனு போகும், தனியா எழும்பி வாசிக்கச் சொன்னா சாகுற மாதிரி இருக்கும். எழுத்து தெரியாதத விட அந்த வெக்கத்துல தான் நான் வாயே தொறக்கல. எல்லாரும் சேந்து வாசிக்கையில என் சத்தம் தனியா கேக்காது, அதனால வாசிப்பேன். ஒரு டீச்சர் எங்கள ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு மாறி மாறி வாசிக்க விட்டாங்க, அதுல தான் மொதல்ல என் சத்தத்த நானே கேட்டேன். ஆறாம் வகுப்புப் புள்ளைக்கு அணில் பாட்டு குடுக்கலாம், எட்டாம் வகுப்பு பையனுக்கு குடுத்தா அவமானமா நினைப்பான், அவன் வயசுக்கு கோவமும் கேள்வியும் உள்ள கவிதையா பாத்து குடுங்க. வரி சின்னதா இருக்கட்டும், விசயம் சின்னப்புள்ளத்தனமா இருக்கக் கூடாது.

கொழுந்துமலை_டீச்சர்
தம்பி நீங்க சொன்னது ரொம்ப பெறுமதியான விசயம், இனி தனியா எழும்பி வாசிக்கிறது யாரு கேக்குறாங்களோ அவங்களுக்கு மட்டும் தான்.

மஸ்கெலியா அக்காவுக்கு பதில் சொல்லாம போய்ட்டேன். அக்கா, உங்களுக்கு வாசிக்க வரனும்னு அவசியமே இல்ல. அந்திக்கு தேத்தண்ணி குடிக்கிற நேரம் மகன "இந்தா எனக்கு ஒருக்கா வாசிச்சு காட்டு"ன்னு கேளுங்க, முடிச்ச உடனே "என்ன சொல்லுது இதுல?"ன்னு கேளுங்க. திருத்த வேணாம், அவசரப்படுத்த வேணாம். ஒரு சொல்லுல நின்னுட்டான்னா கொஞ்ச நேரம் பொறுங்க, அவனா கூட்டி எடுப்பான், முடியலன்னா அத அடிக்கோடு போட்டு அடுத்த நாள் வகுப்புல கேக்கச் சொல்லுங்க. தங்கச்சி தம்பி இருந்தா அவங்களுக்கு வாசிச்சு காட்டச் சொல்லுங்க, சின்னதுங்க முன்னால பெரியவன் நல்லா வாசிக்கனும்னு அவனே பயிற்சி எடுப்பான்.

மஸ்கெலியா_அம்மா
நன்றி டீச்சர். சின்னவ இருக்கா தரம் 3ல, அவளுக்கு வாசிச்சு காட்டச் சொல்றேன். அம்மாயி பாடுற தாலாட்டு ஒன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம், அத எழுதி அவன வாசிக்க வச்சா உதவுமா? இல்ல சேர் சொன்ன மாதிரி ஒப்பிச்சுருவானா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்
நல்லா உதவும் அம்மா, ஆனா அவனையே எழுத வைங்க. அம்மாயி பாட பாட அவன் எழுதட்டும். காதுக்கு தெரிஞ்ச சொல்லு தாள்ல எப்பிடி நிக்கிதுன்னு தேடுவான் பாருங்க, அதுல தான் ர, ற எதுன்னு யோசிப்பான், ல, ள, ழ எதுன்னு கேப்பான். அப்புறம் வேற புள்ளைங்க எழுதிட்டு வந்தத இவன் வாசிக்கட்டும், இவனோடத அவங்க வாசிக்கட்டும். ஒரே பாட்டு ஒவ்வொரு தோட்டத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஒரு சொல்லு மாறியிருக்கும், அந்த இடத்துல ஒப்புவிக்கிறவன் சறுக்குவான், வாசிக்கிறவன் சரியா சொல்லுவான். சி.வி. வேலுப்பிள்ளை நம்ம மலையகத்து நாட்டார் பாடல்கள தேடி சேத்து அச்சுல கொண்டு வந்தவர். காமன், ரதி கதைய ஆடுற காமன் கூத்து நடக்குற தோட்டம்னா அந்தப் பாட்டுங்களும் இருக்கு, வீட்டுல கேட்டு எழுதுற அளவுக்கு இன்னமும் இருக்கு. ஒப்பாரிய மட்டும் வீட்டுல யாரையும் பாடச் சொல்லி கேக்க வேணாம், மனசு நோகும்.

லிந்துலை_மிஸ்
இவ்வளவு நேரம் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒரு விசயம் உறுத்துது. என் தரம் 8ல மூனு புள்ளைங்களுக்கு எழுத்தே சரியா தெரியாது. கொம்பு எங்க போகுது, "கெ"யா "கே"யா, "கொ"வா "கோ"வான்னே தெரியல. அவங்களும் சேந்து வாசிக்கையில வாய அசைக்கிறாங்க, பாக்க எல்லாம் நல்லா போற மாதிரி இருக்கு. அவங்கள இது மறைச்சுராதா?

கொழுந்துமலை_டீச்சர்
மறைக்கும் மிஸ், அதுல சந்தேகமே இல்ல. அந்தப் புள்ளைங்களுக்கு சரளம் அடுத்த கட்டம், மொதல்ல எழுத்தும் உயிர்மெய்யும் வேணும், அதுக்கு தனியா உக்காந்து செய்யனும். நான் துண்டு வாசிக்கிற நாள்ல ஒவ்வொருத்தரா மேசைக்கு கூப்பிட்டு காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒரு துண்ட வாசிக்க வைப்பேன், அப்ப தெரிஞ்சுரும். அவங்களுக்கு அந்த வாரக் கவிதையிலயிருந்தே "கொ" வர்ற சொல்லுங்கள எடுத்து குடுக்கலாம், கொழுந்து, கொஞ்சம், பக்கத்துல "கூ" வர்ற கூடை, கூட. அப்ப வகுப்போட ஒதுங்கிப்போன மாதிரி தெரியாது. கண்பார்வையும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்க, கரும்பலகை தெரியாமலே பின்னால உக்காந்திருக்கற புள்ளைங்க நம்ம பக்கம் இருக்கத் தான் செய்யுது.

லிந்துலை_மிஸ்
சரி டீச்சர், துண்டு வாசிக்கிறத திங்கக்கிழமை தொடங்குறேன். போட்டோ கொப்பி எடுக்க எங்க ஸ்கூல்ல வசதி இல்ல, என்ன செய்யலாம்? பக்கத்து வகுப்பு டீச்சர் சத்தம்னு சொல்றதும் இருக்கு, தடுப்பு பலகை தானே.

கொழுந்துமலை_டீச்சர்
தாள் கட்டாயம் இல்ல மிஸ். கரும்பலகையில பெருசா எழுதி அவங்க கொப்பியில எழுதிக்கட்டும், பிழை இருக்கான்னு பக்கத்துல உள்ளவங்க பாத்து திருத்தனும், அதுவே ஒரு வாசிப்பு. துண்டுக்கு பழைய கலண்டர் பின்பக்கம் போதும், மார்க்கர்ல எழுதி வெட்டி வச்சா அடுத்த வருசமும் பாவிக்கலாம். சத்தத்துக்கு, பாடவேளையில சேந்து வாசிக்கிறது கடைசி பத்து நிமிசம் மட்டும் வச்சுக்கிட்டு பக்கத்து டீச்சர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, ரெண்டு பேர் ரெண்டு பேரா வாசிக்கிறத மெதுவா செய்யலாம். மழை இல்லாத நாள்ல நான் வெளிய கூட்டிட்டு போயிருவேன். ஒக்டோபர்ல வாசிப்பு மாதம் வருது, அதுக்கு புள்ளைங்க வீட்டுல கேட்டு எழுதுன பாட்டுங்கள காலைக் கூட்டத்துல வாசிக்க விடலாம்னு அதிபர்கிட்ட கேட்டிருக்கேன். உங்க மூனு புள்ளைங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு வரி குடுங்க, இப்ப இருந்தே.